வேலை, வீடு, கோயில்... அப்பாவைப் பத்தி என்ன எழுத?

கேள்வி:

அக்கா, வணக்கம். எங்க ஊரு சாத்தான்குளம் பக்கம் ஒரு கிராமம், நான் கலியாணமாகி சென்னையில இருக்கேன், வயசு 36. எங்க அப்பா கொத்தனாரு. போன மாசம் ராத்திரி நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரி போற வழியிலயே தவறிட்டாங்க, 59 வயசுதான். 40-ம் நாள் நினைவு ஆராதனைல அப்பாவோட ஜீவிய சரித்திரத்தை நீதான் எழுதிப் படிக்கணும்னு வீட்டுல சொல்லிட்டாங்க. மூணு நாளா நோட்டைத் தொறந்து வச்சுட்டு உக்காந்திருக்கேன். பிறந்த தேதி, ஞானஸ்நானம், கலியாணம், பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க, அதோட நின்னு போச்சு. வேலைக்குப் போவாங்க, வீட்டுக்கு வருவாங்க, கோயிலுக்குப் போவாங்க, அவ்வளவுதான் அக்கா அவங்க வாழ்க்கை. அதிகம் பேசவும் மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை கூட ஆராதனை முடிஞ்சு சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் காணாம போயிருவாங்க, எங்கயாவது கான்கிரீட்டுக்கு தண்ணி விடப் போயிருப்பாங்க, அம்மா ஏசுவாங்க.

இன்னொன்னு மனசுல கிடந்து அறுக்குது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நாங்க மேடவாக்கத்துல ஃபிளாட் வாங்கினோம். பிரதிஷ்டை ஜெபத்துக்கு வந்த அப்பா, என் ஆபீஸ் ஆளுங்க எல்லாரும் இருக்கும்போது, சுவரை எல்லாம் உள்ளங்கையால தடவிப் பாத்துக்கிட்டு, குனிஞ்சு தரை டைல்ஸை விரல் மொட்டியால தட்டித் தட்டி பாத்துக்கிட்டே போனாங்க. "இங்க வந்துமா அப்பா, கொஞ்சம் சும்மா உக்காருங்க"ன்னு எல்லார் முன்னாடியும் வெடுக்குன்னு சொல்லிட்டேன். "நல்லாருக்கு மக்ளே"ன்னு சொல்லிட்டு மூலையில ஒரு சேர்ல போய் உக்காந்துட்டாங்க. அந்த முகம் இப்பவும் கண்ணுலயே நிக்குது. அன்னைக்கு ராத்திரி என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் "மாப்ள, பாத்ரூம் ஒட்டின சுவர்ல ஓதம் ஏறும், மழைக்கு முந்தி பாத்துக்கிடுங்க"ன்னு சொல்லிருக்காங்க.

கோயில் காம்பவுண்டு சுவர் கட்டுறப்ப கலவைல சிமெண்டைக் குறைக்கச் சொன்னாங்கன்னு அப்பா முடியாதுன்னு கரண்டியைக் கீழ வச்சுட்டாங்க, பெரிய சண்டை. ஒரு வருஷம் கோயிலுக்குள்ள வராம வெளி வராண்டாவுலயே உக்காந்து ஆராதிச்சாங்க. பெரியப்பா அதை எழுதவே கூடாதுங்கிறாங்க. அண்ணன் கல்லறைக் கல்லுல "கொத்தனார்"னு போடவா "பில்டிங் கான்ட்ராக்டர்"னு போடவான்னு கேக்குறாங்க. எனக்கு இன்னும் ஒரு சொட்டு கண்ணீர் வரல. நான் நல்ல மகதானா அக்கா?

பதில்:

தங்கச்சி, உங்க லெட்டரை நேத்து ராத்திரி படிச்சேன், இன்னைக்கு காலைல எடுத்து திரும்பவும் படிச்சேன். "அவ்வளவுதான் அக்கா அவங்க வாழ்க்கை"ன்னு எழுதிட்டு அதுக்கு அப்புறம்தான் நீங்க அப்பாவைப் பத்தியே எழுத ஆரம்பிச்சிருக்கீங்க, அதைக் கவனிச்சீங்களா? உங்க நோட்டுல வராதது எல்லாம் எனக்கு எழுதின லெட்டர்ல வந்திருச்சு. அதனால முதல் வேலையா இந்த லெட்டரையே ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோங்க.

நானும் பாளையங்கோட்டைக்காரிதான், இருபது வருஷத்துக்கு மேல துக்க வீட்டுக்காரங்களோட உக்காந்து பேசுறதுதான் என் வேலை, அதனால நம்ம பக்கம் நினைவு ஆராதனைல ஜீவிய சரித்திரம்னு என்ன படிப்பாங்கன்னு நல்லாத் தெரியும். அன்பான தகப்பன், பாசமுள்ள கணவர், ஜெபவீரர், சபையின் தூண். எல்லாமே நல்ல வார்த்தைங்கதான், பொய்யும் இல்ல. ஆனா அந்த பேப்பர்ல பேரை மட்டும் மாத்தினா அடுத்த தெரு வீட்டுக்கும் அப்படியே படிக்கலாம். எங்க அம்மா தவறினப்ப நானே அப்படித்தான் எழுதினேன், தியாகத்தின் திருவுருவம்னு ஆரம்பிச்சு ஒன்றரை பக்கம், படிச்சு முடிச்சு கீழ இறங்கிட்டேன், எல்லாரும் நல்லா எழுதிருக்கன்னு சொன்னாங்க. வெளிய வரும்போது எங்க வீட்டுக்கு பால் ஊத்துற அண்ணாச்சி வந்து, "உங்கம்மா ராத்திரியே பால் பாத்திரத்தைக் கழுவி வாசல்ல கவுத்தி வச்சிருவாங்க, நான் கதவைத் தட்டி யாரு தூக்கத்தையும் கெடுக்கக் கூடாதுன்னு"ன்னு சொன்னாரு. அப்பதான் எனக்கு எங்கம்மா வந்தாங்க. நான் மைக்ல படிச்ச ஒன்றரை பக்கத்துல அவங்க எங்கயுமே இல்ல. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு, உங்களுக்கு வரக்கூடாதுன்னுதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

சரி, வேலை, வீடு, கோயில்னு மூணு சொன்னீங்கல்ல, அதை ஒவ்வொண்ணா தொறந்து பாப்போம்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் தண்ணி விடப் போறதை நீங்க ஒரு குறை மாதிரி எழுதிருக்கீங்க. நான் அந்த ஒரு வரியிலயே ரொம்ப நேரம் நின்னுட்டேன். கான்கிரீட் காஞ்சுதான் கெட்டியாகுதுன்னு நம்மள்ல நிறைய பேர் நினைக்கோம், ஆனா சிமெண்டும் தண்ணியும் உள்ளுக்குள்ள சேந்து சேந்துதான் அது கல்லாகுது, ஈரம் போயிட்டா அந்த வேலை பாதியிலயே நின்னுரும், மேல பாத்தா ஒண்ணும் தெரியாது, பல வருஷம் கழிச்சுதான் வெடிப்பு காட்டும். அதனாலதான் குறைஞ்சது 7 நாள், மனசாட்சி உள்ள கொத்தனாருன்னா 14 நாள் வரைக்கும், தளத்து மேல சின்னச் சின்னதா பாத்தி கட்டி தண்ணி தேக்குறாங்க. உங்க ஊரு வெயிலுக்கும் செம்மணல் தேரிக்காத்துக்கும் காலைல விட்ட தண்ணி மத்தியானம் இருக்காது. வீட்டுக்காரங்க மறந்துருவாங்க, சித்தாளுக்கு அன்னைக்கு லீவு, இவங்க போகலன்னா கேக்க ஆளும் கிடையாது, அந்த ஒரு மணி நேரத்துக்கு சம்பளமும் கிடையாது. ஓய்வுநாள்ல கரண்டியைத் தொடாத மனுசன், கோயிலுக்குப் போன வெள்ளை வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இன்னொருத்தர் வீட்டு மொட்டை மாடியில வாளி வாளியா தண்ணி ஊத்திட்டு வந்திருக்காங்க. இத்தனை வருஷ ஞாயித்துக்கிழமை. இதை இப்படியே எழுதுங்க தங்கச்சி, பெரிய வார்த்தை எதுவும் சேக்காதீங்க. ஜெபவீரர்னு நீங்க சொல்லவே வேண்டாம், கேக்குறவங்க அவங்களே புரிஞ்சுக்கிடுவாங்க. அந்த கூட்டத்துல எத்தனை பேரு அப்பா தண்ணி விட்ட தளத்துக்குக் கீழ படுத்துத் தூங்குறவங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

வேலையைப் பத்தி உங்களுக்குத் தெரியாதது இன்னும் நிறைய இருக்கும், அது உங்க தப்பு இல்ல, பிள்ளைங்க யாரும் அப்பா வேலை பாக்குற இடத்துல நாள் முழுக்க நின்னு பாத்திருக்க மாட்டோம். பாத்தவங்க இருக்காங்க. அவங்க கூட வேலைக்குப் போன சித்தாள் அக்காமாரு, கையாளா சேந்து அப்பாகிட்ட தொழில் படிச்ச பையன்மாரு, கம்பி கட்டுறவரு, அவங்களைப் போய்ப் பாருங்க, போன்ல வேண்டாம், நேர்ல போங்க. "அப்பா எப்படிப்பட்டவங்க"ன்னு கேட்டா "தங்கமான மனுசன்"னு சொல்லி நிறுத்திருவாங்க, அதனால வேற மாதிரி கேளுங்க. சுவர் கோணலா போச்சுன்னா என்ன செய்வாங்க, கோபம் வந்தா எப்படி ஏசுவாங்க, முதல் முதல்ல கரண்டியை யாரு கையில எப்ப குடுத்தாங்க, கான்கிரீட் போடுற அன்னைக்கு கறிச்சோறு வந்தா முதல்ல யாருக்குப் போடச் சொல்லுவாங்க, சனிக்கிழமை வீட்டுக்காரர் துட்டு தரலன்னா ஆளுங்களுக்கு சம்பளம் எப்படி குடுத்தாங்க. கடைசி கேள்வியை மறக்காம கேளுங்க. கொத்தனாருக்கு சனிக்கிழமை சாயங்காலம்ங்கிறது பெரிய பரீட்சை, ஒரு மனுசன் யாருன்னு அன்னைக்குத் தெரிஞ்சிரும். வீட்டுல அவங்க கணக்கு நோட்டு கிடக்கும், அதையும் பாருங்க, ஆள் பேரு, அரை நாளா முழு நாளா, எத்தனை மூட்டை சிமெண்டு, சதுரடின்னு பென்சில்ல எழுதிருப்பாங்க, அதுக்கு நடுவுல உங்க ஸ்கூல் பீஸும் எழுதிருக்கும், நான் இப்படி பல நோட்டு பாத்திருக்கேன். தேதி எதுலயாவது சந்தேகம் இருந்தா கோயில்ல ஞானஸ்நான பதிவேடு, கலியாணப் பதிவேடு இருக்கு, போதகர் ஐயர்கிட்ட கேட்டா எடுத்துத் தருவாங்க, அப்பாவோட பைபிள்ல முன்பக்கத்தையும் பாருங்க, பிள்ளைங்க பிறந்த தேதியை நம்ம ஆளுங்க அதுலதான் எழுதி வைப்பாங்க.

வீட்டைப் பத்தி அம்மாகிட்ட கேளுங்க. எழுதுறதுக்காகன்னு சொல்லி நோட்டோட போய் உக்காராதீங்க, சும்மா கீரை ஆயும்போது கேளுங்க. சம்பளக் கவரைப் பிரிக்கும்போது தசமபாகத்தை முதல்ல எடுத்து வைப்பாங்களா, அரிசிக்கடை பாக்கிக்கு முதல்ல எடுப்பாங்களா? பண்டிகைக்கு முதலூர் போய் மஸ்கோத்து அல்வா வாங்கிட்டு வந்தா அவங்க ஒரு துண்டாவது சாப்பிடுவாங்களா? ராத்திரி குடும்ப ஜெபத்துல யாரு பேரை முதல்ல சொல்லுவாங்க? சிமெண்டு காரம் கையை அரிச்சிரும், கொத்தனாருங்க நிறைய பேருக்கு உள்ளங்கை வெடிச்சு வெடிச்சு இருக்கும், ராத்திரி தேங்காண்ணெய் போட்டு விட்டது யாரு? அம்மாவா, நீங்களா? அம்மா பதில் சொல்லும்போது அழுதாங்கன்னா விட்டுருங்க, பேச்சை மாத்தாதீங்க, பக்கத்துல இருந்தா போதும். அழுது முடிச்சு அவங்களே மீதியைச் சொல்லுவாங்க.

இப்ப அந்த ஃபிளாட் விஷயத்துக்கு வர்றேன். இதுதான் உங்களை எழுத விடாம பிடிச்சு வச்சிருக்குன்னு எனக்குத் தோணுது.

டைல்ஸை மொட்டியால தட்டுறது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. அடியில கலவை சரியா நிரம்பலன்னா அந்த இடம் மட்டும் பொள்ளலா சத்தம் குடுக்கும், அதுல ஏதாவது பாரம் விழுந்தா டைல்ஸ் உடைஞ்சிரும். சுவரை உள்ளங்கையால தடவினா கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமும் தெரியும், ஈரமும் தெரியும். அப்பா அன்னைக்கு தன் மகளும் பேரப்பிள்ளையும் படுத்து எந்திரிக்கப் போற இடத்தை அங்குலம் அங்குலமா கையால பாத்திருக்காங்க, பாத்து ஒரு இடத்துல குறை இருக்குன்னும் கண்டுபிடிச்சிருக்காங்க. ஆனா உங்க விருந்தாளிங்க முன்னாடி அதைச் சொல்லல, நீங்க கடன் வாங்கி ஆசையா வாங்கின வீட்டை உங்ககிட்டயே குறை சொல்லவும் அவங்களுக்கு மனசு வரல, "நல்லாருக்கு மக்ளே"ன்னு சொல்லிட்டு, சொல்ல வேண்டியதை சொல்ல வேண்டிய ஆள்கிட்ட ராத்திரி தனியா சொல்லிருக்காங்க. ஐயர் ஜெபம் பண்ணி வீட்டை பிரதிஷ்டை பண்ணினாங்க, அப்பா தட்டித் தட்டிப் பண்ணினாங்க, ரெண்டுக்கும் எனக்கு பெரிய வித்தியாசம் தெரியல.

நீங்க வெடுக்குன்னு பேசினது தப்புதான். தப்பே இல்லன்னு நான் சொன்னா நீங்க நம்பவும் மாட்டீங்க, எனக்கும் அப்படிச் சொல்லி சமாதானப்படுத்துறதுல நம்பிக்கை கிடையாது. அப்பாவுக்கு அந்த நேரத்துல வலிச்சிருக்கும். ஆனா அன்னைக்கு ராத்திரியே அவங்க ஓதத்தைப் பத்தி கவலைப்பட்டிருக்காங்க பாருங்க, மகள் மேல மனக்கசப்புல இருக்குற ஆளுக்கு மகள் வீட்டு சுவர் ஞாபகம் வருமா? அதுக்குப் பிறகு ரெண்டு வருஷம் உங்ககூட பழகிருக்காங்க, அந்த ரெண்டு வருஷத்துல எத்தனை போன், எத்தனை கருப்பட்டி பார்சல், எத்தனை லீவு, அதையும் சேத்து எண்ணுங்க. ஒரு நாள் சாயங்காலத்தை மட்டும் தனியா எடுத்து வச்சு அதுதான் எங்க உறவுன்னு முடிவு பண்ணாதீங்க. மன்னிப்பு கேக்கணும்னு இருந்தா கேளுங்க, கல்லறைக்குப் போய் வாய்விட்டு கேளுங்க, இல்ல ஒரு லெட்டரா எழுதுங்க, நிறைய பேருக்கு அது உதவுறதை நான் பாத்திருக்கேன். மைக் முன்னாடி அந்த மன்னிப்பைக் கேக்க வேண்டாம்ங்கிறது என் அபிப்பிராயம், அங்க நின்னு அழுது உங்களை நீங்களே குத்திக்கிட்டா கூட்டம் உங்களைத் தேத்த ஆரம்பிச்சிரும், அப்பா பின்னாடி போயிருவாங்க. ஆனா டைல்ஸ் தட்டினதையும் ஓதம் ஏறும்னு சொன்னதையும் கண்டிப்பா எழுதுங்க. அப்புறம் அந்த பாத்ரூம் சுவரை இன்னும் சரி பண்ணலன்னா வடகிழக்கு மழைக்கு முந்தி ஆளைக் கூப்பிட்டு பாருங்க, இதை நான் ஆலோசகரா சொல்லல, உங்கப்பா சொன்னதைத்தான் ஞாபகப்படுத்துறேன்.

கோயில் சண்டையைப் பத்தி பெரியப்பா சொல்றதுல பாதிக்கு நான் சம்மதிக்கிறேன். யாரு சொன்னா, யாரு கமிட்டியில இருந்தா, எத்தனை மூட்டை குறைஞ்சதுங்கிறது எல்லாம் நினைவு ஆராதனைல வேண்டாம், எதிர்த்துப் பதில் சொல்ல வழியில்லாத இடத்துல ஒருத்தரைக் குத்துறது அப்பாவுக்கும் பிடிச்சிருக்காது, அங்க வர்றவங்கள்ல அவங்களும் இருப்பாங்க, அன்னைக்கு அடக்கத்துக்கு பெட்டியைத் தூக்கினவங்கள்லயே கூட ஒருத்தர் இருந்திருக்கலாம். ஆனா அந்த ஒரு வருஷத்தை மொத்தமா அழிச்சிரக் கூடாது. ஏன்னா உங்கப்பாவோட பக்தி எப்படிப்பட்டதுன்னு அந்த வராண்டாவுலதான் தெரியுது. கோபம் இருந்தது, மனசு உடைஞ்சிருந்தது, உள்ள போக கால் வரல, ஆனா ஞாயித்துக்கிழமை மணி அடிச்சா வீட்டுல உக்காரவும் முடியல. நம்ம பக்கம் சபை சண்டை வந்தா அடுத்த தெரு சபைக்குப் போயிடுறவங்களையும் பாத்திருக்கேன், கேஸு போடுறவங்களையும் பாத்திருக்கேன், 52 ஞாயிறு வெளிய உக்காந்து ஆராதிச்சவங்களை அதிகம் பாத்ததில்ல. "மனசு கஷ்டப்பட்ட ஒரு வருஷம் அப்பா வராண்டாவுலதான் உக்காந்தாங்க, ஆனா ஒரு வாரமும் வராம இருக்கல" — இந்த ஒரு வரி போதும், இதுல யாரையும் குத்தம் சொல்லல. எழுதினதும் பெரியப்பாகிட்ட முதல்ல வாசிச்சுக் காட்டிருங்க, மேடையில கேட்டு அதிர்ச்சியாகக் கூடாது. திரும்ப எப்ப உள்ள போனாங்க, என்ன நடந்துச்சு, யாரு கூப்பிட்டா? அது உங்க லெட்டர்ல இல்ல. தெரிஞ்சா அதையும் ஒரு வரி சேருங்க, அந்த நாள் முக்கியமான நாள்.

எழுதுறதைப் பத்தி ரெண்டு வார்த்தை. அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேண்டாம், கையெழுத்துல ரெண்டரை பக்கம் இருந்தா நிதானமா படிக்க அவ்வளவுதான் வரும். பிறந்தது, திடப்படுத்தல், கலியாணம் எல்லாம் முதல் நாலு வரியில முடிச்சிருங்க, பெரியவங்களுக்கு அது இருக்கணும், இல்லன்னா குறையா நினைப்பாங்க. அப்புறம் தண்ணி விட்டது, சனிக்கிழமை, டைல்ஸ், வராண்டா, இந்த நாலு போதும், பத்து விஷயத்தைத் திணிக்காதீங்க. அப்பா பேசினதை அப்பா பேசின மாதிரியே எழுதுங்க, மகளேன்னு திருத்தாம மக்ளேன்னே படிங்க. கட்டுகிறவர்கள் தள்ளின கல்லு, தச்சனுடைய குமாரன்னு வசனத்தை எல்லாம் தேடிக் கோக்க வேண்டாம், அதை ஐயர் பிரசங்கத்துல பாத்துக்கிடுவாங்க. இன்னொரு காப்பி எடுத்து அண்ணன்கிட்டயோ உங்க வீட்டுக்காரர்கிட்டயோ குடுத்து பக்கத்துலயே நிக்கச் சொல்லுங்க, உங்களுக்கு குரல் அடைச்சா அவங்க அந்த வரியில இருந்து தொடரட்டும்.

அழுகை வரலங்கிறதுக்கு பயப்படாதீங்க. துக்கம்னா அஞ்சு படி, முதல்ல மறுப்பு, அப்புறம் கோபம்னு வரிசையா வரணும்னு நிறைய பேர் போன்ல படிச்சுட்டு வந்து எனக்கு ஏன் வரலன்னு கேக்குறாங்க. மனநல டாக்டர் எலிசபெத் குப்ளர் ராஸ் 1969-ல அதைச் சொன்னது சாகப்போற நோயாளிங்களை வச்சு, பின்னால இருந்து துக்கப்படுறவங்களுக்கு அது டைம்டேபிள் இல்ல. துக்கத்தை ஆராய்ச்சி பண்ணின மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் 1999-ல சொன்னதுதான் எனக்கு நடைமுறையில பொருந்தி வருது, மனசு கொஞ்ச நேரம் இழப்புக்குள்ள போகும், கொஞ்ச நேரம் வெளிய வந்து பேங்க் வேலை, பிள்ளை ஸ்கூல், சமையல்னு பாக்கும், மாறி மாறி போய்ட்டு வரும், ரெண்டுமே துக்கம்தான். நீங்க மூணு நாளா நோட்டைத் தொறந்து வச்சு உக்காந்திருக்கீங்களே, அதுவும் அதுலதான் சேத்தி. அழுகை மேடையில வரலாம், இல்ல மூணு மாசம் கழிச்சு எங்கயோ ரோட்டுல போகும்போது ஈர சிமெண்டு வாசனை அடிச்சு வரலாம். வர்றப்ப வரட்டும். ஆனா தூக்கம் சாப்பாடு ரெண்டும் வாரக்கணக்கா கெட்டாலோ, ஆறு மாசம் ஒரு வருஷம் ஆகியும் அன்னைக்கு இருந்த மாதிரியே எதையும் தொட முடியாம இருந்தாலோ, இல்ல நானும் போயிரணும்னு நினைப்பு வந்தாலோ உடனே ஆளைப் பாருங்க, ராத்திரி பகல் எப்ப வேணும்னாலும் அரசாங்க மனநல உதவி நம்பர் 14416-க்கு கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. அம்மாவுக்கும் இந்த நம்பரை எழுதிக் குடுத்து வைங்க.

நடைமுறை விஷயம் ஒண்ணு. அப்பா கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்துல பதிஞ்சு புதுப்பிச்சு வச்சிருந்தாங்களான்னு பாருங்க, 1994-ல இருந்து அந்த வாரியம் இருக்கு, இயற்கை மரணத்துக்கும் ஈமச்சடங்குக்கும் நியமனதாரருக்கு உதவித்தொகை உண்டு. அட்டையை எடுத்துக்கிட்டு அம்மாவோட மாவட்ட தொழிலாளர் அலுவலகத்துல போய்க் கேளுங்க, இறப்புச் சான்றிதழ் கையோட இருக்கட்டும், நாள் கடத்த வேண்டாம். அப்புறம் அப்பாவோட சாமான் பை, அதான் கரண்டி, மட்டக்கோல், ரசமட்டம், தூக்குக்குண்டு, இதெல்லாம் துரு பிடிக்குதுன்னு யாராவது பழைய இரும்புக்குத் தூக்கிப் போட்டுரப் போறாங்க. அம்மா சொல்ற வரைக்கும் அது இருக்குற மூலையிலயே இருக்கட்டும்.

கல்லறை கட்டுறதுக்கும் அவசரப்படாதீங்க. அந்த கல்லறைத் தோட்டத்துல பாதி அப்பா கையால கட்டினதாத்தான் இருக்கும், அவங்க ஊர்ல மத்தவங்களுக்கு என்ன சொல்லிருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும், மண்ணு அமுங்கட்டும், ஒரு மழை போகட்டும், இல்லன்னா அடியில இறங்கி மேல வெடிச்சிரும்னுதான் எல்லா கொத்தனாரும் சொல்லுவாங்க. அண்ணன் நாகர்கோவில்ல இருந்தோ எங்க இருந்தோ கிரானைட் ஆளைக் கொண்டு வந்தாலும் சரிதான், ஆனா கட்டுறதுக்கு முந்தி அப்பாகிட்ட தொழில் படிச்ச பையன்மாரை ஒரு வார்த்தை கேளுங்க. நாங்க கட்டுறோம்னு சொல்ல அவங்களுக்கு வாய் வந்திருக்காது, கேக்கலன்னா அந்த வருத்தம் அவங்களுக்கு ரொம்ப நாள் இருக்கும்.

கடைசியா அண்ணன் கேட்டது. உங்க ஊருல இருந்து இடையன்குடி தூரம் இல்ல. அங்க கால்டுவெல் ஐயர் 1847-ல ஆரம்பிச்ச கோயிலை 1880-லதான் பிரதிஷ்டை பண்ணினாங்க, 33 வருஷம், கையாளா வந்த ஒரு பையன் நரைச்ச தலையோட அந்த பிரதிஷ்டைக்கு நின்னிருப்பான். அந்தக் காலத்துல சுண்ணாம்பையும் மணலையும் அரைச்சு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊற வச்ச தண்ணி விட்டுத்தான் கலவை சேப்பாங்க. நம்ம பக்கம் இந்த மாதிரி எத்தனையோ கோயில் நிக்குது, மெஞ்ஞானபுரம் கோபுரம் 192 அடி, கட்ட வச்சவங்க பேரு எல்லாம் கல்லுல இருக்கு, நாம வருஷா வருஷம் சொல்றோம், அது சரிதான், சொல்லணும். சாரத்துல ஏறி அந்த உயரத்துல தூக்குக்குண்டு விட்டுப் பாத்தவங்க பேரை யாரும் சொல்றதில்ல.

அண்ணன் அப்பாவைக் குறைச்சுக் காட்டக் கூடாதுன்னு நினைச்சுத்தான் கேட்டிருப்பாங்க, அவங்க மேல கோபப்படாதீங்க. ஆனா கான்ட்ராக்டர்னா வேலையை வாங்கிக் குடுக்குறவரு. உங்கப்பா கடைசி வரைக்கும் கரண்டி பிடிச்சவங்க, கலவையில குறைன்னதும் கரண்டியைக் கீழ வச்சவங்க. ஊருல அவங்களை எல்லாரும் என்ன சொல்லிக் கூப்பிட்டாங்களோ அதையே போடுங்க, "கொத்தனார்". எழுத்து ரெண்டு இஞ்சுக்கு குறையாம இருக்கட்டும், அம்மாவுக்கு கண்ணாடி இல்லாமலே தெரியணும்.